கையைத் தூக்கலாமா? பெஹாலாவிலிருந்து பாலிகஞ்ச் கர்ப்பிணி யோகா வகுப்புக்கு

ஆறாம் மாதம் தொடங்கியதிலிருந்து இடுப்பு வலி, தூக்கமில்லை. "உங்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை, யோகா செய்யலாம்" என்றார் மருத்துவர். பாலிகஞ்சில் கர்ப்பிணிகளுக்கென்றே சனிக்கிழமை வகுப்பு இருப்பது தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "கையைத் தூக்கினா பிள்ளைக்குக் கொடி சுத்திக்கிடும்ட்டி!" என்னை ஊருக்கே கூட்டிப்போக அடுத்த வார வெள்ளிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஒரு வகுப்பாவது பார்க்காமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். காவலுக்கு அவரும் கிளம்பினார்.

காலை ஒன்பதரைக்கு நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவில் மெட்ரோ. மாஜேர்ஹாட் வரை ஆளுக்குப் பத்து ரூபாய், ஏசி, காலி இருக்கைகள். அங்கிருந்து பாலிகஞ்சுக்கு லோக்கல் ரயில், ஐந்து ரூபாய், சுமார் இருபது நிமிடம். சொகுசு மெட்ரோவோடு சரி. அவசரத்தில் பொதுப் பெட்டியில் ஏறிவிட்டோம். என் வயிறு சரியாக இருக்கையில் இருந்தவர்களின் கண்மட்டத்தில். ஆறு ஆண்கள், ஆறு கைபேசிகள். ஒருவனும் அசையவில்லை. வேறு வழியின்றித் தலைக்கு மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்தேன்.

"இப்ப கொடி சுத்தாதா அத்தை?"

என்னை முறைத்தவர் அப்படியே அவர்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளத்தாச்சி நிக்கா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எந்திரிங்கய்யா!" தமிழ் புரியாமலே இரண்டு பேர் எழுந்தார்கள்.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வகுப்பு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு! கட்டணம் ஐந்நூறு. நாங்கள் பணம் கொடுத்துப் பயிற்சிக்காகக் குந்துகிறோம். இதே கட்டடங்களில் நிறைமாதத்திலும் குந்தித் தரை துடைக்கிற பெண்ணுக்கு ஒருநாள் விடுப்பு கேட்டால் வேலையே போய்விடும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் வகுப்பு அருமை! பூனை போல் கைகால் ஊன்றி முதுகை வளைத்தபோது இறுகிக் கிடந்த இடுப்பு இளகியது. அடுத்து, கைகளை மேலே உயர்த்தச் சொன்னார் ஆசிரியை.

"கொடி சுத்தினா இவளா வந்து பாப்பா?" என்றார் அத்தை. இந்தியில் மொழிபெயர்த்தேன். ஆசிரியை சிரித்துவிட்டார்.

"என் மாமியாரும் இதையேதான் சொன்னார். குழந்தை உள்ளே புரள்வதால் கொடி சுற்றுகிறது. அம்மாவின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." பிறகு அத்தையையே அழைத்து, என் முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்தார். இருவரும் ஒன்றாக மூச்சு விட்டோம். உள்ளே குழந்தை உதைத்தது. அத்தையின் கையைப் பின்னாலிருந்து இழுத்து என் வயிற்றில் வைத்தேன்.

"ஏட்டி, எனக்கே தெரியுதே!" என்றார் அத்தை.

போக நினைப்பவர்களுக்கு: மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது, மூச்சை அடக்குவது மூன்றும் வேண்டாம். தலைசுற்றினாலோ ரத்தம் பட்டாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். பெண்கள் பெட்டியில் ஏறுங்கள்.

வலி மாயமாகிவிடவில்லை. ஆனால் அன்று மதியம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். எழுந்தபோது அத்தை தன் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணுல. சனிக்கிழமை எங்களுக்குக் கிளாஸ் இருக்கு."