பச்சைக் கற்பூரம் போட்ட பசை

யுத்தம் வந்ததும், கப்பலில் வந்துகொண்டிருந்த பசைத்தூள் நின்றுபோயிற்று. பாலிலிருந்து எடுக்கும் தூள் அது. திருவொற்றியூரில் நாங்கள் செய்த தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட் பலகைகளை ஒட்ட அதுதான் வேண்டும். பசை கலக்குவது என் பொறுப்பு. மாற்றுப் பசை கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். வீட்டிலோ, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, என் மனைவி முழுகாமல் இருந்தாள்.

கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்தேன். பலகை நன்றாகவே ஒட்டியது. ஆனால் பழைய வழக்கப்படி பீப்பாய் நிறையக் கலக்கியதால், மாலைக்குள் புளித்து நாறியது. அந்த நாற்றம் தேயிலையில் ஏறினால் பெட்டியை யார் வாங்குவார்கள்? யோசித்துக் கொஞ்சம் பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டேன். நாற்றம் அடங்கியது.

அந்தப் பசையால் ஒட்டிய பெட்டியில் சில நாள் வைத்திருந்த தேயிலையை முதலாளிக்குப் பாலில்லாமல் போட்டுக் கொடுத்தேன். அவர் வண்ணாரப்பேட்டை பாய். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, டீ கேட்டா பெருமாள் கோயில் தீர்த்தம் குடுக்கிறே? துளசிய மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை, என் சட்டையில் ஊறியிருந்த பீப்பாய் நாற்றம் தாங்காமல், ராயபுரத்து வீட்டு வாசலிலேயே மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கியே நில்லு. சட்டையக் கயட்டிப் போட்டுட்டு வா. காத்தால கரைச்சத சாயங்காலம் வரிக்கும் வச்சினு இருந்தா நாறாம இன்னா பண்ணும்? காசிமேட்டு மீன அப்டி வச்சினு இருப்பியா?"

மறுநாள் முதல் சின்னச் சட்டிகளில் கலக்கினேன். ஒன்று தீர்ந்து, கழுவிக் கவிழ்த்த பிறகே அடுத்தது. கற்பூரம் கிடையாது. அப்படிச் செய்த பெட்டியில் வைத்த தேயிலையில், முதலாளிக்கு ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு, கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த மாதங்களில் அவளுக்குத் தண்ணீர்கூடத் தங்காது. டம்ளரை முகர்ந்தாள்.

"எப்டி கீது?" என்றேன்.

"கொஞ்ச நேரம் சும்மா இரு."

மெதுவாகக் குடித்து முடித்தாள். சுவரில் சாய்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீதா?"

முதலாளிக்கென்று மடித்து வைத்திருந்ததைப் பிரித்துப் போட்டேன். அவருக்குக் காலையில் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டேன். குடித்தவர், "இன்னிக்கு தீர்த்தம் இல்லியா?" என்றார். பிறகு, இனிச் சட்டிப் பசையே போதும் என்று சொல்லி, பழைய பசைப் பீப்பாயைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார்.

அன்று மாலை சட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குள் போனேன். அவள் மூக்கைப் பொத்தாமல் டம்ளரை நீட்டினாள்.