டீச்சரைத் துப்பறிந்த வகுப்பு

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், கண்ட படத்தையும் இணையத்தில் போடாதீர்கள் என்று பதினோரு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டார் கணினி டீச்சர். பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் இந்த வருடம் பாடத்தை விளையாட்டாக்கினார். தான் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்த படங்களையே ஒன்பதாம் வகுப்பின் திரையில் ஓடவிட்டார்.

"நீங்கதான் திருடங்க. நான் ஏமாறப்போற ஆள். என்னைப் பத்தி என்னெல்லாம் தெரியுதுன்னு கண்டுபிடிங்க."

வகுப்பு சூடுபிடித்தது. வாசல் படத்தில் கதவெண் சிக்கியது. பேருந்துச் சீட்டைப் பெரிதாக்கி, அவர் காலையில் ஏறும் நிறுத்தத்தைச் சொன்னான் ஒருவன். பூனையின் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்தால் கடவுச்சொல் என்று முன்வரிசை அடித்துச் சொன்னது. எல்லாம் அவர் வேண்டுமென்றே விட்டுவைத்த தூண்டில்கள். சிரித்தபடி பலகையில் எழுதிக்கொண்டே போனார்.

அதிகம் வாய் திறக்காத ஒரு பெண் பின்வரிசையில் எழுந்தாள்.

"மிஸ், வீட்டுல நீங்க மட்டும்தான். எல்லாப் படத்துலயும் ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. உங்களை வேற யாரும் எடுத்த படமே இல்ல. பிறந்தநாள் கேக்குலகூட..."

அவள் முடிக்கவில்லை. டீச்சரின் கை பலகையில் அப்படியே நின்றது. இந்தத் தூண்டிலை அவர் போடவில்லை. பிறகு 'தனியாக இருப்பவர்' என்று எழுதினார்.

"சரிதான். திருடனுக்கு ரொம்ப உபயோகமான தகவல்," என்றார்.

மணி அடித்ததும் அந்தப் பெண் மேசையருகே வந்தாள். "தப்பாப் பேசிட்டேன் மிஸ்."

"தப்பில்லம்மா. ஆனா தெரிஞ்சதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாதுங்கறதும் இதே பாடம்தான். அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

வாரக் கடைசிக்குள் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் படங்களை வெளியாள் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பாடம் எடுத்தவர்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் படங்களையும் பூட்டக் கைபேசியோடு உட்கார்ந்தார். யாரெல்லாம் பார்க்கலாம் என்று அது கேட்டது. பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, தங்கை ஒருத்தியை மட்டும் சேர்த்தார். அவளோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. கூப்பிட்டார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: "பசங்களோட வெளியில இருக்கேன்க்கா. அவசரமா?"

'இல்ல, சும்மாதான்' என்று தட்டிவிட்டு அழித்தார். 'வீட்டுக்கு வந்ததும் பேசு' என்று அனுப்பினார். பிறகு கைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.