இடது லென்ஸ்

மகாதேவி காது கழுவும் ரப்பர் பந்தை நசுக்கி, கமராவின் இடது லென்ஸின் மேல் மூன்று தரம் காற்று அடித்தாள். ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு உதறி, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைத்தாள். புண்ணைச் சுத்தம் செய்து பழகிய கை. ஒருமுறை துடைத்த பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள்.

"முடிஞ்சுதோ?" என்றார் கட்டிலில் கிடந்த மார்க்கண்டு.

"இல்லை."

"என்ரை கமராவுக்கு ஒப்பரேசன் செய்யிறியோ?"

"உங்களைப் பார்க்கிறதைவிட இதைப் பார்க்கிறது சுகம் அத்தான். இதுக்கு வாய் இல்லை."

மார்க்கண்டு அவளுடைய தமக்கையின் கணவர். வயது எழுபத்தெட்டு. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். எந்தத் துறைமுகம் என்று ஒவ்வொரு தரமும் மாற்றிச் சொல்வார்; ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் வாங்கிய கமரா அது. வாங்கும்போதே அதற்கு இருபது வயது. செங்கல் மாதிரிப் பாரம். முகத்தில் இரண்டு லென்ஸ்கள், மனிதருடைய இரண்டு கண்களுக்கும் இடையில் இருக்கும் தூரத்தில். ஒரு தரம் அமுக்கினால் இரண்டு படம் விழும், இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டையும் அட்டையில் அருகருகே ஒட்டி, இரண்டு கண்ணாடி பதித்த பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால், முன்னால் நிற்கும் சைக்கிளைக் கையால் பிடிக்கலாம் போலிருக்கும்; பின்னாலுள்ள கடல் தள்ளிப் போய்விடும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்தன. தமக்கை அதற்கு முதலே இறந்துவிட்டாள். ஒரே மகள் உதயகலா கனடாவில். மகாதேவி மானிப்பாய் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நோயாளரைப் பராமரித்து ஓய்வு பெற்றிருந்தாள். கணவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. யோசிக்க அதிகம் இருக்கவில்லை. இரண்டு பையையும் சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அரியாலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே கட்டிலின் இடப்பக்கத்தைச் சுவரோடு தள்ளினாள், பலமில்லாத பக்கத்தால் அவர் உருண்டு விழாமலிருக்க. தன் கதிரையை வலப்பக்கத்தில் போட்டாள். நோயாளியிடம் நல்ல பக்கத்தால் போக வேண்டும், நல்ல பக்கத்தில் நின்று பேச வேண்டும், அந்தப் பக்கத்தாலேயே ஊட்ட வேண்டும். பயிற்சியின் முதல் வாரத்தில் படித்தது அது.

அவரை எழுப்பி உட்கார வைப்பதுதான் பெரும் பாடாயிருந்தது. எப்போதும் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், இடுப்பில் புண் வரும். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஒருநாள் அலுமாரியில் கமராவும் பெட்டியும் அகப்பட்டன. அவள் ஒரு பேரம் பேசினாள்.

"நான் வெளியிலை போய்ப் படம் பிடிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் எழும்பி இருந்து பார்க்கவேணும். படுத்தபடி பார்க்கேலாது."

"உனக்கு இதைப் பிடிக்கத் தெரியுமே?"

"தெரியாது. சொல்லித் தாங்கோ."

உதயகலா கறுப்பு வெள்ளைப் பிலிம் அனுப்பினாள். யாழ்ப்பாண நகரத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த கனிசியஸ் அதைக் கழுவிப் படம் போட்டுக் கொடுத்தார். முதல் சுருளில் எல்லா இடது படங்களிலும் ஒரு மூலை இருட்டாயிருந்தது.

"எனக்கு நாவற்குழிப் பாலம் வேணும். உன்ரை விரல் வேண்டாம்," என்றார் மார்க்கண்டு.

விரலை மடக்கப் பழகினாள். கமராவைச் சரிக்காமல் மட்டமாகப் பிடிக்கவும், எட்டடிக்குள் ஒரு பொருளை நிறுத்தி அதற்கப்பால் இன்னொன்றையும் தூரத்தில் வேறொன்றையும் வைக்கவும் பழகினாள். வலை காயும் கம்பு, அதன் பின்னால் வள்ளம், அதன் பின்னால் களப்பு நீர். இப்படி மாதத்துக்கு ஒரு சுருள். படம் வந்த நாட்களில் அவர் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார்.

கமராவுக்கும் பணிவிடை இருந்தது. உப்புக் காற்றுக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் வறுத்த அரிசி முடிச்சோடு பிஸ்கட் டின்னுக்குள் மூடி வைப்பாள். சும்மா கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகும்; அதனால் தினமும் அவருடைய இடக்கை விரல்களை இருபது தரம் மடக்கி நீட்டிய பிறகு, பிலிம் இல்லாத நாட்களில் கமராவையும் இருபது தரம் அமுக்குவாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்," என்பாள்.

"அது நடக்கும். நான் நடக்கமாட்டன்," என்பார் அவர்.

நான்கு மாதங்களுக்கு முன்தான் பிரச்சினை தொடங்கியது. படம் தட்டையாயிருக்கிறது என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். கீரிமலைக் கேணியில் குளிப்பவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டியபோது பெட்டியை மடியில் போட்டுவிட்டார்.

"கலண்டர் படம் மாதிரிக் கிடக்கு. ஒரு லென்ஸைப் பழுதாக்கிப் போட்டாய்."

மகாதேவி பார்த்தாள். கேணிப் படி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, தலைகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கனிசியஸிடம் கொண்டு போனாள். அவர் இரண்டு பக்க நெகற்றிவ்வையும் உருப்பெருக்கியால் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் அக்கா இருக்கு. ஐயா சும்மா பகிடி விடுறாரோ?"

பகிடி இல்லை, பிடிவாதம் என்று அவள் நினைத்தாள். அவர் உட்காருவதை நிறுத்திவிட்டார். உதயகலாவிடம் இனிப் பிலிம் அனுப்ப வேண்டாமென்று சொல்லச் சொன்னார். பத்து நாளில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து, அமுக்கினாலும் வெளிறாமல் நின்றது. அடுத்தது புண் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வயதில் வந்த புண் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதும் தெரியும்.

அதனால்தான் அன்று பின்னேரம் கமராவை மேசையில் வைத்து உட்கார்ந்தாள். வார்டில் காய்ச்சலுக்குக் காரணம் தேடுவது போல ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தாள். லென்ஸ் சுத்தம். கமராவின் பின்கதவைத் திறந்து, அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, வேகத்தை ஒரு செக்கனுக்கு வைத்து அமுக்கினாள். இரண்டு வட்டமும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. கமராவில் பழுதில்லை. பிலிம் சரி, படம் சரி என்று கனிசியஸ் சொல்லிவிட்டார். மிஞ்சியது பார்க்கிற பெட்டி.

"அஞ்சு நிமிசம் எழும்புங்கோ அத்தான். உங்கடை பெட்டியிலைதான் பழுது. கண்டுபிடிச்சுக் காட்டுறன்."

அவளுடைய பக்கம் பிழை என்று நிரூபிக்கலாம் என்பதற்காகவே அவர் எழும்பினார். கேணிப் படத்தை உள்ளே வைத்துக் கொடுத்தாள். முதலில் இடப்பக்கக் கண்ணாடியைத் துண்டு மட்டையால் மறைத்தாள்.

"என்ன தெரியுது?"

"கேணி. நாலு தடியன்கள் குளிக்கிறாங்கள். முந்தி மாதிரித் தட்டைதான்."

மட்டையை வலப்பக்கத்துக்கு மாற்றினாள்.

"இப்ப?"

அவர் பெட்டியைக் கொஞ்சம் தூக்கினார், இறக்கினார்.

"விளக்கை நூத்துப் போட்டியோ?"

"நல்ல வெயில் அத்தான். என்ன தெரியுது?"

"புகைதான். வெள்ளைப் புகை."

அவள் கதிரையை விட்டு எழுந்து, கட்டிலைச் சற்று இழுத்து, சுவருக்கும் அதற்கும் இடையில் உடம்பைச் செருகி, மூன்று வருடங்களில் முதல் தரமாக அவருடைய இடப்பக்கத்தில் நின்று டோர்ச் அடித்தாள். கண்மணி பால் போல வெளுத்திருந்தது. தினமும் அந்த முகத்தைக் கழுவியவள் அவள். கழுவும்போது அவர் கண்ணை மூடுவார். மற்ற நேரமெல்லாம் அந்தப் பக்கம் சுவரையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கமராவிலை ஒண்டுமில்லை," என்றாள். "உங்கடை இடது கண்ணிலை வெள்ளை முத்திப்போச்சு."

"எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுது."

"ஒண்டுதான் தெரியுது. ஒண்டாலை பார்த்தால் தட்டையாய்த்தான் இருக்கும்."

அவர் வலக்கையால் வலக்கண்ணைப் பொத்தினார்.

"முப்பது வருசம் ஆஸ்பத்திரியிலை என்னடி செய்தனீ?"

"முப்பத்தொரு வருசம்," என்றாள் மகாதேவி. "இது என்ரை பிழை. உங்கடை நல்ல பக்கத்தாலையே வந்து வந்து மற்றப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டிட்டன். நாளைக்குக் கிளினிக் இருக்கு. போறம்."

"அதை எடுத்தால் பழையபடி தெரியுமே?"

"எத்தினை பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். அநேகம் பேருக்குத் தெரிஞ்சது. உங்களுக்கு டொக்டர் பார்த்துத்தான் சொல்லவேணும்."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஓட்டோக்காரப் பிரகாஸ் வந்தான். போவதற்கு முன் அவனைப் பிடித்துக் கட்டிலைத் தலைகால் மாற்றிப் போட்டாள். இப்போது இடப்பக்கம் யன்னலுக்கு வந்தது. அந்தப் பக்கத்தால் அவர் விழாமல் உட்காரும் மர வாங்கு ஒன்றை அண்டையாக வைத்து, அதன் மேல் இரண்டு தலையணைகளைக் கட்டினாள். கமராவை அரிசி முடிச்சோடு டின்னுக்குள் வைத்து மூடினாள். பிலிம் இரண்டு சுருள் அனுப்பு என்று உதயகலாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

கிளினிக்கில் வாங்கு நிரம்பியிருந்தது. அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, இடப்பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். டொக்டர் பார்த்தார். வெண்புரைதான், எடுக்கலாம், ஸ்கானில் பார்த்தால் கண்ணின் பின்பக்கம் நல்லதாக இருக்கிறது என்றார். ஒப்பரேசன் திகதிக்கு மீண்டும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"எவ்வளவு நேரமாய் எழும்பி இருக்கிறன்?" என்றார் மார்க்கண்டு.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

"இப்பதானே வந்தனாங்கள்," என்று சொல்லி, அவருடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டத் தொடங்கினாள்.