கொப்பரையருகே யாரும் இல்லை

லோகாம்பாள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவள். 1967 வைகாசி, கருடசேவைக்கு முந்தின நாள். கொதிக்கிற சாயக் கொப்பரையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். புதுக் கம்மலைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. எதிர்வீட்டு அலமுவின் ஐந்து வயது மகள் பூவம்மாள் ஓடிவந்த வேகத்தில் கொப்பரை கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே வெந்துபோயிருந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. லோகாம்பாளுக்கு அந்தப் பொய் தானாக வந்தது.

"பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து விழுந்துட்டா."

பழி அலமு மேல் விழுந்தது. "பெத்த பொண்ண பாத்துக்கத் துப்பில்ல" என்றாள் அலமுவின் மாமியார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாயேன்" என்று லோகாம்பாளிடம் அவள் புருஷன் தர்மன் சொல்லிப் பார்த்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

பன்னிரண்டாம் நாள் குழந்தை போய்விட்டது. கதவைத் தாழிட்டுக்கொண்டு பறைச் சத்தத்தைக் கேட்டாள் லோகாம்பாள். அதன்பின் தெருவில் தலை காட்டுவதே இல்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

மார்கழியில் ஒரு மத்தியானம் எதிர்வீட்டில் மாமியார் கத்தினாள். அலமுவின் குரல் மெல்லக் கேட்டது.

"ஆமா. நான்தான் கொன்னுட்டேன்."

நூலைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்த லோகாம்பாளின் கை நின்றுவிட்டது. ஊர் தன்னை என்ன சொல்லும் என்று ஏழு மாதம் நடுங்கியவள், அலமு என்ன ஆனாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சாயக் கையோடு தெருவைக் கடந்தாள். மாமியார், அக்கம்பக்கத்தார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நான் அங்க நிக்கலம்மா. உள்ள கம்மல் போட்டுப் பாத்துக்கினு இருந்தேன். கொப்பரைய வாசல்ல விட்டது நான். அலமு மேல தப்பில்ல."

மாமியார் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அலமு லோகாம்பாளைப் பார்த்துச் சொன்னாள்.

"'ஏம்மா என்ன பாத்துக்கல'ன்னு ஆஸ்பத்திரில கேட்டுக்கினே இருந்தா. 'என் தப்புதான் கண்ணு'ன்னு சொன்னேன். அத கேட்டுக்கினே போயிட்டா. இனிமே அவகிட்ட யார் போய் மாத்திச் சொல்றது, லோகு?"

தெரு பல வருஷம் பேசியது. கேட்டுக்கொண்டே நிமிர்ந்து நடந்தாள் லோகாம்பாள். அந்தப் பேச்சு அவளுக்கு வலிக்கவில்லை. அலமுவின் மாமியார் அதற்குப் பிறகு ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

அலமு மட்டும் லோகாம்பாளிடம் மறுபடி பேசவே இல்லை. லோகாம்பாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி குழந்தையோடு போய்விட்டது என்று தர்மனிடம் ஒருமுறை சொன்னாள்.