நகைக்கடைப் பெயர் போட்ட கடிகாரங்கள்

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமா, பாக்கெட் கடிகாரங்கள் சேர்த்தார். எல்லாவற்றையும் அல்ல. அந்தக் காலத்து நகைக்கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரை டயலில் போட்டு விற்றவை மட்டும். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவரிடம் நான்கு இருந்தன. மூன்று ஓடவில்லை. ஓடிய ஒன்று சரியான மணியைக் காட்டியதில்லை. மாமாவுக்குப் பெயர்தான் முக்கியம். உள்ளே தூசி புகுந்துவிடும் என்று பயந்து ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

ஐந்தாவது, குன்னத்தூரில் ஒரு தோட்டத்து வீட்டில் கிடைத்தது. வெள்ளி மூடி, பீங்கான் டயல், அதில் கோவை நகைக்கடை ஒன்றின் பெயர். அதற்கு ஈடாகத் தன் மொபெட்டைக் கொடுத்துவிட்டு மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“வண்டியக் குடுத்துப்போட்டு டப்பி வாங்கிட்டு வந்திருக்கறான் எந்தம்பி” என்றார் அம்மா, பேக்கிங் மேசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அப்பா ஒரு கடிகார ரிப்பேர்க்காரரைக் கம்பெனிக்கே வரவழைத்தார். அவர் பின்மூடியைத் திறந்தார். உள்ளே இயந்திரத்தின் மேல் பொறித்திருந்தது வேறு பெயர், சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றுடையது. மற்ற நான்கையும் திறக்கச் சொன்னார் அப்பா. நான்கிலும் மேலே நகைக்கடை, உள்ளே வேறு யாரோ.

“வெளிய ஒரு பேரு, உள்ள ஒரு பேரு. அஞ்சும் டூப்ளிகேட்டுங்க மாப்ள. நல்லா ஏமாத்திப்போட்டாங்க” என்றார் அப்பா, மாமாவிடம்.

ரிப்பேர்க்காரர் இரண்டு முறை வாயைத் திறந்தார். அப்பா பேசும்போது மற்றவர்களுக்கு முறை வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பொழுது சாய்வதற்குள் ஐந்தாவதைக் குன்னத்தூரில் திருப்பிக் கொடுத்து வண்டியை மீட்க வேண்டும், மற்ற நான்கும் பழைய இரும்புக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாமா கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் எடுத்து வைத்தார். ஐந்தாவதைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுக் கடைசியாக வைத்தார்.

நான் மேசையிலிருந்து ஒரு பனியனை எடுத்தேன். கழுத்தில் வெளிநாட்டுக் கடை ஒன்றின் லேபிள் தைத்திருந்தது.

“ஏனுங்கப்பா, இத அந்தக் கடைக்காரங்களா தெச்சாங்க?”

“நாமதான் கண்ணு தெச்சோம்.”

“அப்பறம் ஏன் அவங்க பேரு இருக்குதுங்க?”

“ஆர்டர் அவங்களுது. அவங்க பேருலதான் போகும்.”

பனியனை உள்புறமாகத் திருப்பினேன். பக்கவாட்டுத் தையலில், துவைக்கும் முறை அச்சிட்ட சின்ன லேபிள். அதன் அடியில் எங்கள் கம்பெனிக்கு அவர்கள் கொடுத்த நம்பர்; பெயர் இல்லை. பதினான்கு வருடங்களாக அப்பா கடல் கடந்தது அந்த நம்பராகத்தான்.

“வெளிய ஒரு பேரு, உள்ள ஒரு நம்பரு. அப்ப நம்ம பனியனும் டூப்ளிகேட்டுங்களாப்பா?”

ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா ஒருவர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். முதலில் சிரித்தது அம்மாதான். ரிப்பேர்க்காரருக்கு இப்போது முறை வந்தது.

“பாப்பா சொல்றது சரிங்க. நகைக்கடைக்காரரு ஆர்டர் குடுப்பாருங்க. வெளிநாட்டுக் கம்பெனில செஞ்சு, இவரு பேரப் போட்டு அனுப்புவாங்க. அஞ்சும் ஒரிஜினலுங்க.”

மாமா என்னைத் தூக்கிப் பேக்கிங் மேசை மேல் நிறுத்தினார். நான்கு கடிகாரங்களை நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டினார். ஐந்தாவது, கட்டிங் மாஸ்டரிடம் தொடங்கிக் கைமாறிக் கைமாறிப் போனது. “அக்கா, டப்பிய நல்லாப் பாத்துக்கோங்க” என்று மாமா அம்மாவிடம் மூன்று முறை சொன்னார். அப்பாவோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இல்லை.

கடிகாரம் கடைசியாக அப்பாவிடம் வந்தது. அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், ரிப்பேர்க்காரரின் லென்ஸைக் கண்ணில் வைத்து, உள்ளே பொறித்திருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“இத ஆருங்க பாப்பாங்க?”

“மூடியத் தெறக்கறவங்க மட்டுந்தானுங்க.”

“இருந்தும் போட்டிருக்கறான் பாருங்க, முழுப் பேரையும்.”

மறுபடியும் லென்ஸை வைத்தார். தோற்றுப்போனவர் இன்னும் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று தேடுகிறார் என நினைத்து, நான் மேசை மேல் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.