சசிரேகா ஏறிப்போக ஒரு வண்டி

பென்னலூர் பாண்டுரங்கன் மகன் இளம்பரிதியின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு கார். அவனுடைய கார் இல்லை. அவன் மனைவி சசிரேகாவின் அக்காள் புருஷன் மணிகண்டபிரபுவின் கார். கறுப்பு நிறம், நல்ல உயரம், பின்கண்ணாடியில் மகள் பெயர். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான் என்பதை இளம்பரிதி யாரைப் பார்த்தாலும் ஒருமுறை சொல்லிவிடுவான். கேட்டவர்கள் "அப்டியா, பார்த்தா தெரியலயே" என்பார்கள். அதில் அவனுக்கு இன்னும் எரியும்.

மணிகண்டபிரபு பத்தாவதோடு நின்றவன். ஒரகடத்தில் எந்தக் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் அங்கே அவனுடைய ஜேசிபி நிற்கும். இளம்பரிதி பி.இ. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவன். அவர்கள் தெருவில் அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறிய முதல் வீடு பாண்டுரங்கன் வீடு. கல்யாண பேனரில் 'பி.இ.' என்ற எழுத்து மாப்பிள்ளையின் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று போட வைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் ஒருவன் படித்து முடித்தால் அதைப் பேனரில் போடாமல் வேறு எங்கே போடுவது?

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் அவனுக்கு வேலை. மேடும் பள்ளமுமாக வேண்டுமென்றே கட்டிவைத்த ஒரு பாதையில் புதுக் கார்களை ஓட்டி, எங்கே கடகடக்கிறது, எங்கே கிறீச்சிடுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவன் வாங்கப்போகிற காரை ஓட்டிவிட்டு, ஷிப்டு முடிந்ததும் பைக்கை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

மாமியார் வீடு மணிமங்கலத்தைத் தாண்டி, ஏரிக்கரை மேலேயே போகிற வழியில் இருக்கிறது. மண் லாரிகள் ஓடி ஓடி ரோடு என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கே மிச்சமில்லை. மாமியார் சொர்ணம்மாள் பரிமாறும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான்.

"பெரிய மாப்பிள்ளை வண்டி வந்துச்சின்னா அந்தக் கரை கூட ரோடு மாதிரி ஆயிடுது. உங்களுக்கு ரசம் ஊத்தட்டுமா, சின்ன மாப்பிள்ளை?"

சின்ன மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ரசத்தை வாங்கிக்கொள்வான்.

சசிரேகாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். மாமியார் போனில் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. "வளையல் போட்டு முடிஞ்ச கையோட புள்ளைய இட்டுகினு வந்துடறோம். பெரிய மாப்பிள்ளை வண்டிய எடுத்துகினு வராரு."

இளம்பரிதி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். என் பெண்டாட்டி, என் பிள்ளை, அவன் காரா?

"உங்கம்மா கிட்ட சொல்லிடு. நம்ம வண்டிலயே போலாம்."

"நம்ம வண்டியா? எங்க கீது?" என்று சசிரேகா சிரித்தாள்.

"வரும்."

அன்றிலிருந்து பைக்கில் அலைந்தான். கூடவே அதே கம்பெனியில், கார் பூட்டுகிற லைனில் வேலை செய்கிற நிலவன். வண்டி பார்க்க இளம்பரிதி ஒரு வழி வைத்திருந்தான். பழைய காரைக் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆகவே எந்த வண்டியானாலும் ஏரிக்கரைக்குக் கொண்டுவர வேண்டும்; நிலவன் பின்சீட்டில் உட்கார்ந்து, நிரப்பிய தண்ணீர் கேன் ஒன்றை மூடியில்லாமல் மடியில் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்.

"நான் இன்னாடா பாவம் பண்ணேன்?"

"நீதான் மாசமா இருக்கற பொண்ணு. தண்ணி சிந்தாம வந்தா வண்டி பாஸ்."

முதலில் வந்தது ஒரு வெள்ளைக் கார். நீளம், பளபளப்பு, மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை. மணிகண்டபிரபுவின் வண்டிக்குப் பக்கத்தில் இதை நிறுத்தினால் அது சரக்கு வண்டி மாதிரி தெரியும். இளம்பரிதிக்கு மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் கரை மேல் ஏறிய உடனே லாரி டயர் கிழித்த பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நின்ற மண்மேட்டில் அடிவயிறு உரசியது. கர்ர்ர் என்ற அந்தச் சத்தம் அவன் காதுக்குத் தெரியாததா? இறங்கிக் குனிந்து பார்த்தான். எஞ்சினுக்கு அடியிலிருக்கும் ஆயில் சேம்பர் ஏற்கெனவே எங்கோ அடிபட்டு நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் இன்றைய கீறல்.

இரண்டாவது, மணிகண்டபிரபுவின் வண்டியைப் போலவே ஒன்று, உயரமாக. எந்தப் பள்ளத்தையும் மதிக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பவனையும் மதிக்கவில்லை.

"மச்சான் நிறுத்துடா! எனக்கு இங்கயே புள்ள பொறந்துடும்!" என்று நிலவன் கத்தினான். சட்டை பேண்ட் எல்லாம் நனைந்திருந்தது.

இளம்பரிதிக்கு அன்று முழுவதும் சந்தோஷம். அப்படியானால் மணிகண்டபிரபுவின் வண்டியும் இப்படித்தானே தூக்கிப்போடும்!

மூன்றாவது வண்டி மணிமங்கலத்தில் செவிலியர் ஜாஸ்மினுடையது. வெந்தய நிறம். குட்டையான உடம்பு, உயரமான கூரை, ஒல்லி டயர். ஊர் ஊராகத் தடுப்பூசி போடப் போய்வந்த வண்டி.

"மழையில கூட நின்னதில்ல தம்பி. ஏசி மட்டும் அதுக்கு மூடு வந்தாதான் வேல செய்யும்" என்றார் ஜாஸ்மின்.

இளம்பரிதி தரையில் படுத்து அடியைப் பார்த்தான். நசுங்கல் இல்லை. டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. நிலவனை ஏற்றிக் கரையின் மறுகோடிவரை போனான். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டியும் கதவு ஒன்று லேசாக முனகியதைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"இன்னாடா சத்தத்தையே காணோம்?"

"தூங்கிட்டேன் மச்சான்" என்றான் நிலவன். கேன் நிறைந்தே இருந்தது.

இதுதான் வண்டி என்று படித்த புத்தி சொன்னது. ஆனால் கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் இது நின்றால் அதன் குட்டி மாதிரி இருக்குமே! அந்த ஒரு நினைப்பில் மறுபடியும் போய் வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கூரையைத் திறந்து மூடினான். கடைசியில் அந்தக் கர்ர்ர் சத்தம்தான் அவனை வெளியே துரத்தியது. சசிரேகாவை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை அவனால் கேட்க முடியாது. வெந்தய நிற வண்டியை வாங்கினான்.

வளைகாப்பன்று இளம்பரிதி வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவன் பயந்தபடியேதான் இருந்தது. வந்த சனம் கறுப்பு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்தது. இளம்பரிதி பொறுத்துக்கொண்டான். கிளம்பும் நேரம் வரட்டும்.

வளையல் அடுக்கி, கலந்த சாதம் பரிமாறி முடிந்ததும் சின்ன வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சொர்ணம்மாள் தயங்கினாள்.

"தப்பா நினைச்சிக்காதீங்க மாப்பிள்ளை. பொறந்த வூட்டு வண்டில தான் புள்ளய இட்டுகினு போவணும். நீங்களே கொண்டாந்து வுட்டா, நாங்க எதுக்கு வந்தோம்?"

இளம்பரிதி தன் அம்மா முனியம்மாளைப் பார்த்தான்.

"என்னை இன்னாடா பாக்கற? அவங்க சொல்றதுதான் முறை. இத்தினி படிச்சிகினு இது கூட தெரியாதா உனக்கு? கார் வாங்கறப்ப ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. டயரைப் பார்த்தான், ஆயில் சேம்பரைப் பார்த்தான், இதை யாரிடமும் கேட்கவில்லை. பின்கதவு அவன் கையிலேயே திறந்து கிடந்தது.

சசிரேகா கறுப்பு வண்டியின் படியில் ஒரு காலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"எம்மா, என்னால இதுல ஏற முடியாது. போன தபா மாமா வண்டில வந்ததுக்கே ரெண்டு நாளு இடுப்பு வலி. நான் அந்தச் சின்ன வண்டிலயே வரேன்."

எல்லோரும் மணிகண்டபிரபுவைப் பார்த்தார்கள். இளம்பரிதியும் ஆசையோடு பார்த்தான், அந்த முகம் சுருங்குகிறதா என்று. சுருங்கவே இல்லை.

"அதுக்கு இன்னாத்த யோசன? அந்த வண்டிய நான் ஓட்டினா அது பொறந்த வூட்டு வண்டிதான? சகல, சாவிய குடு. நீ என்னுத எடுத்துகினு பின்னாடி வா."

பெண்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. "பெரிய மாப்பிள்ளைக்குத்தான் இப்டிலாம் தோணும்" என்றாள் சொர்ணம்மாள். இளம்பரிதி சாவியைக் கொடுத்தான். தான் அளவு பார்த்து வைத்திருந்த சீட்டை மணிகண்டபிரபு பின்னுக்குத் தள்ளி உட்காருவதைப் பார்த்தான். சசிரேகாவும் அவள் அக்காள் பிரவீனாவும் பின்னால் ஏறினார்கள். மாமியார் முன்னால்.

கறுப்பு வண்டியில் அவனோடு சீர்த்தட்டுகளும், சசிரேகாவின் அத்தை ராஜம்மாவும். ஏறி உட்கார்ந்தால் ஏரி முழுவதும் தெரிந்தது. அந்த உயரம் அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

கரை மேல் ஏறியதும் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின.

"மெதுவாப்பா! குடலு வாய்க்கு வந்துடும் போலக்கீது."

"வண்டி அப்டி அத்தை, நான் இன்னா பண்றது?" என்றான், மனம் குளிர.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. முன்னால் போன சின்ன வண்டியின் பின்கண்ணாடியில் சசிரேகாவின் வளையல் கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. சிரிக்கிறாள். மணிகண்டபிரபு என்னவோ சொல்லிக்கொண்டே ஓட்டுகிறான். இளம்பரிதியின் கை தானாக ஹாரனை அழுத்திவிட்டது. லாரி ஹாரன் மாதிரி ஏரி பூராவும் கேட்டது.

சின்ன வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. மணிகண்டபிரபு இறங்கி வந்தான்.

"இன்னா சகல, வண்டி எதனா மக்கர் பண்ணுதா? முன்னாடி போறியா?"

"இல்ல, இல்ல. நீங்க போங்க. பள்ளம் பாத்து."

"பள்ளமா? உன் வண்டில உக்காந்தா பள்ளமே தெரியலய்யா. இத்த எங்க புட்ச்ச?" என்று சொல்லிவிட்டு மணிகண்டபிரபு திரும்பிப் போய், அந்தச் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

பாராட்டுத்தான். ஆனால் அதைச் சசிரேகா கேட்கவில்லையே.

ராஜம்மா கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி முன்னால் எட்டிப் பார்த்தாள். "அந்தச் சின்ன வண்டி யாருதுப்பா? பூ மாதிரி போவுதே!"

"என்னுதுதான் அத்தை" என்றான் இளம்பரிதி நிமிர்ந்து உட்கார்ந்து.

"அப்டியா" என்றாள் ராஜம்மா. "ஓட்டறவரு கை அப்டி."