கூழ் கைத்த நாள்

போன வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவகச்சேரிக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை. கல்யாணம் செய்து வந்த இடம்தான் இது.

என் கணவருக்கு ஒரேயொரு அக்கா. எனக்கு மச்சாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய சீதனக் காணி. கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில், தனியாகத்தான் இருக்கிறார். அந்த வேலிதான் வினை. மட்டை வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டலாம் என்று தொடங்கிய பேச்சு, எல்லை எது என்பதில் முட்டி, அக்காவும் தம்பியும் முகத்தில் முழிக்காத அளவுக்குப் போய்விட்டது. "அவளின்ரை வீட்டிலை இனித் தண்ணி வென்னி குடிக்கமாட்டன்" என்றார் இவர். அங்கேயும் அதே வசனம்தான் சொல்லப்பட்டதாகக் கேள்வி. பிடிவாதத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது ஒடியல் மா வந்ததும் ஒரு ஞாயிறு எல்லோரும் கூடிக் கூழ் காய்ச்சுவார்கள். மீனும் நண்டும் வாங்குவது இவர், கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலுவது மாமா, இவருடைய அப்பா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மாவும் காய்ச்சும் பொறுப்பும் மச்சாளுடையது. நான் பயற்றங்காய் முறிப்பதோடு சரி. சண்டை வந்த பிறகு கூழும் நின்றுபோனது.

அந்த மாதம் மாமா வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் சாப்பாட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சோறும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். நாளுக்கு நாள் உடம்பு வற்றிக்கொண்டே போனது. எங்களுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் தானாகவே, "கொஞ்சம் கூழ் குடிச்சால் நல்லம்" என்றார். பசி என்று ஒன்று அவருக்கு வந்ததே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்காவைக் கூப்பிடுவமே?" என்று கேட்டேன். "ஏன், உனக்குக் காய்ச்சத் தெரியாதோ?" என்றார் இவர். எனக்கும் ரோஷம் வந்தது. கடையில் மா வாங்கி, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுப் பெரிய பானையில் அவிய வைத்தேன். மாமாவுக்கு உறைப்புக் கூடாது என்பதால், மிளகாய்க் கூட்டைச் சேர்க்கும் முன்பே சின்னச் சட்டியில் கொஞ்சம் எடுத்து, மாவைக் கரைத்து விட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். ஆவலாக வாங்கி ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பிவிட்டார். "கைக்குது பிள்ளை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பெண்ணெய் தோற்றது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கௌரவம் பார்க்கிற நேரமா அது? வேலியடிக்கு ஓடிப்போய், "மச்சாள், கூழ் கைக்குது. மாமா துப்பிப்போட்டார்" என்று கத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டனீர்?"

"ஊறவிடவேணுமோ?"

"அந்தச் சட்டியை ஊத்தும். நான் வாறன்."

ஒழுங்கையால் சுற்றி வந்தவரின் கையில் ஒரு ஏனம். அதற்குள், ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடித்து, கைப்பெல்லாம் போன மா. அந்த அவசரத்தில் ஆயத்தம் செய்த மா இல்லை அது. காலையிலேயே ஊறப்போட்டிருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளும் தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் கூழ் காய்ச்சத்தான் இருந்திருக்கிறார். தனியாக.

வந்தவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நண்டு வடிவாய்க் கழுவேல்லையெண்டு உவனிட்டைச் சொல்லும்" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இவர், "கழுவினதெண்டு சொல்லு" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

முதலில் மாமாவுடைய பங்கு தயாரானது. மச்சாள் கொண்டுபோய்க் கொடுக்க, மகளின் முகத்தை ஒருதரம் பார்த்தார். எழும்பி இருந்தார். ஒரு வாய், இன்னொரு வாய். பிளா காலியாகும்வரை நிறுத்தவில்லை.

பிறகு மற்றவர்களும் பானையைச் சுற்றி இருந்தோம். உறைப்பும் புளிப்புமாக, வேர்க்க வேர்க்கக் குடித்தோம். கதைக்க யாருக்கும் நேரமில்லை. இவர் நண்டுக்காலை உறிஞ்சி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெறும் பிளாவை நீட்டினார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் விடு."

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியிருக்க வேண்டும். நீட்டிய கை அப்படியே நின்றது. மச்சாளின் அகப்பையும் ஒரு கணம் தயங்கியது. பிறகு அடியிலிருந்து துழாவி, ஒரு நண்டுத் துண்டோடு அள்ளி விட்டார். "கடுமையா உறைக்குதோ?" என்று கேட்டார். "ஓம், ஆனால் நல்லாயிருக்கு" என்றார் இவர். இருவருடைய கண்ணிலும் தண்ணீர். மிளகாய் கூடிவிட்டதென்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். வேலிப் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். போன கிழமையும் அந்த எல்லைக்காக இரண்டு பேரும் நின்று சத்தம் போட்டார்கள். ஆனால் நேருக்கு நேர், முகம் பார்த்து. முன்பு அப்படிச் சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவேன். இப்போது மச்சாளுக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுகிறேன்.